லைலாக் இலை மட்டும் விடுகிறது, ஐந்து வருடமாக ஒரு பூக்கூட இல்லை. என்ன செய்யலாம்?

ரொறொன்ரோவின் ஸ்காபரோவில், பின்வளவில் லைலாக் என்ற மணமுள்ள ஊதாப் பூச்செடியை வைத்து 5 வருடம், வெயில் நன்றாகப் படுகிறது, ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஸ்னோ வருவதற்கு முன் ஒழுங்காகக் கத்தரித்து விடுகிறேன், ஆனாலும் இலைதான் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

காரணம் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஒக்டோபர் கத்தரிப்புத்தான். அடுத்த மே மாதம் பூக்க வேண்டிய மொட்டுகள் முழுவதும் அன்றைக்கே வெட்டுப்பட்டுக் குப்பைக்குப் போய்விடுகின்றன.

நானும் மூன்று வருடம் இதையே செய்தேன். யாழ்ப்பாணத்தில் அம்மா மல்லிகையைக் கத்தரித்துவிட்ட கொஞ்ச நாளில் புதுத் துளிர் வரும், அந்தத் துளிரிலேயே அரும்பு கட்டும். வெட்டினால்தான் பூக்கும் என்பது அப்படி எங்கள் கையில் ஊறிப்போன பழக்கம். இத்தனைக்கும் மல்லிகையும் லைலாக்கும் ஒரே குடும்பம், ஒலிவ் மரமும் அதே குடும்பம்தான். ஆனால் லைலாக் பூப்பது போன வருடத்துக் கிளையில். ஜூனில் பூ உதிர்ந்த கையோடு, கோடைக்குள்ளேயே அடுத்த வருடத்துக்கான மொட்டைக் கட்டி வைத்துவிடும். பிறகு குளிர் முழுவதும் அந்த மொட்டு அப்படியே இருக்கும்.

இதை எனக்குக் காட்டித் தந்தவர் பக்கத்து வீட்டு உக்ரேனிய அம்மா. ஒரு ஒக்டோபர் சனிக்கிழமை, நான் மண்ணிறக் கடதாசிப் பையில் கிளைகளை அடைத்துக்கொண்டிருந்தேன். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு கிளையைத் தரச் சொன்னார். லைலாக் கிளையின் நுனியில் மொட்டுகள் இரண்டு இரண்டாக, எதிரெதிரே இருக்கும். அதில் ஒன்றைக் கிள்ளி, மேல் செதில்களை நகத்தால் ஒவ்வொன்றாக உரித்தார். உள்ளே கடுகை விடச் சின்னதாக, பச்சை மணிகள் ஒரு குலையாக நெருக்கிக்கொண்டு இருந்தன. அதுதான் பூங்கொத்து. ஏழு மாதம் கழித்து விரிய வேண்டியது அன்றைக்கே முழுதாக உள்ளே இருந்தது. பை நிறைய அந்தக் கிளைகள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

அதனால் இந்த வருடம் ஒக்டோபரில் கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம். நுனிகளை மட்டும் உற்றுப் பாருங்கள். மொட்டு குண்டாக, உருண்டையாக இருந்தால் பூ. ஒல்லியாக, கூராக இருந்தால் இலை. கொஞ்சம் பழகினால் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

கத்தரிக்க வேண்டிய காலம் பூ வாடியவுடன், ஜூன் நடுவுக்குள். வாடிய கொத்தை அதன் கீழே உள்ள முதல் சோடி இலைக்கு மேலே வெட்டிவிடுங்கள், அவ்வளவு போதும். ஜூலைக்குப் பிறகு தொடவே வேண்டாம். உயரம் கூடுகிறதே என்று வேலிபோலத் தலையை மட்டமாக வெட்டுகிறவர்கள் உண்டு. அப்படி வெட்டினால் பூ இல்லாத பச்சைப் பந்துதான் மிஞ்சும்.

செடி நன்றாக வயதாகி, அடியில் வெறும் தடியும் உச்சியில் நாலு பூவுமாக நின்றால் அதற்கு வேறு வழி. மிகப் பழைய, தடித்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மண் மட்டத்தோடு வெட்டி எடுங்கள். அடுத்த வருடம் இன்னொரு பங்கு, அதற்கடுத்த வருடம் மிச்சம். வேரிலிருந்து வரும் கன்றுகளில் திடமான சிலதை விட்டு மற்றதை அகற்றினால், மூன்று வருடத்தில் செடி புதிதாகிவிடும். உங்களுடையதற்கு இப்போது அது தேவையில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். செடியைச் சுற்றிப் புல்தரை இருக்கிறதா? புல்லுக்குப் போடும் பசளைப் பையில் மூன்று எண்கள் இருக்கும். முதல் எண் நைதரசன், புல் பசளையில் அதுதான் மிகக் கூடுதலாக இருக்கும். லைலாக் வேர் அதை இழுத்தால் இலை கரும்பச்சையாகத் தழைக்கும், பூ குறையும். செடியைச் சுற்றி ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த தூரத்துக்குப் புல் பசளை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வசந்தத்தில் கொஞ்சம் கொம்போஸ்ட் போட்டால் தாராளம். வெயில் ஒரு நாளைக்கு 6 மணித்தியாலமாவது வேண்டும், உங்கள் வளவில் அது இருக்கிறது. தண்ணீர் தேங்கக் கூடாது. சுண்ணாம்பு போடச் சொல்லிச் சிலர் சொல்வார்கள். ரொறொன்ரோ பக்கத்து மண் பெரும்பாலும் ஏற்கெனவே காரத் தன்மை உள்ளதுதான், சோதித்துப் பார்க்காமல் போட வேண்டாம். ஓகஸ்டில் இலையில் மா தூவியதுபோல் வெள்ளை படர்ந்தால் பயப்படாதீர்கள். அது ஒரு பூஞ்சணம், பார்க்க வடிவில்லை, ஆனால் செடியைக் கொல்லாது.

கருத்தில் ஒருவர் சென்னைக்குக் கன்று கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தார். ஆசை புரிகிறது. என் அம்மாவும் இங்கே ஒரு மே மாதம் வந்து நின்றபோது இதையே கேட்டார். ஆனால் பால்கன் மலைகளில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் இஸ்தான்புல் வழியாக வியன்னாவுக்குப் போன செடி இது. பல கிழமை நீடிக்கும் குளிர் பட்டால்தான் மொட்டு உறக்கம் கலைந்து விரியும். கலிபோர்னியாவின் இளங்குளிருக்கென்றே 'லவெண்டர் லேடி' என்ற வகையை உருவாக்கினார்கள், அதற்கும் ஓரளவு குளிர் வேண்டும். சென்னை வெயிலில் வீணாக அதை வாட்ட வேண்டாம். ஊரில் லைலாக் நிறம் வேண்டுமென்றால் மலைவேம்பு வைக்கலாம். ஆங்கிலத்தில் அதற்குப் பாரசீக லைலாக் என்றே ஒரு பெயர் உண்டு. இரண்டும் சொந்தமில்லை, ஆனால் அந்த ஊதாப் பூவுக்கும் நல்ல மணம்.

நான் கத்தரிப்பதை நிறுத்திய வருடம் பூ வரவில்லை, ஏற்கெனவே வெட்டிவிட்டேனே. அதற்கடுத்த மே மாதம், விக்டோரியா தின விடுமுறைக்குப் பக்கத்தில் 11 கொத்து வந்தது. நின்று எண்ணினேன். காலையில் பின்கதவைத் திறந்தால் சமையலறை வரை வாசம். அந்த உக்ரேனிய அம்மா வந்து கொத்துகளை விரலால் விலக்கி விலக்கி எதையோ தேடினார். லைலாக் பூவுக்கு நாலு இதழ். ஐந்து இதழ்ப் பூ கண்டால் ஒன்றை நினைத்துக்கொள்வது அவர்கள் ஊர் வழக்கமாம். ஒன்று கிடைத்தது. என் மகளின் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார்.

பூத்த பிறகு வீட்டுக்குள் வைக்க ஆசைப்பட்டால், விடியற்காலையில் பாதி விரிந்த கொத்தாக வெட்டுங்கள். இலைகளை அகற்றி, தண்டின் அடியை ஒரு அங்குலம் நெடுக்காகக் கீறி உடனே தண்ணீரில் வையுங்கள். கீறாவிட்டால் மாலைக்குள் தலை தொங்கிவிடும்.

ஒக்டோபரில் நுனி மொட்டைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பூவா இலையா என்று சேர்ந்தே பார்ப்போம்.