தாலிபானால் முடிந்தது நம்மால் முடியாதா?

கேள்வி: ஆப்கானிஸ்தானில் தாலிபான்கள் ஒரே வருடத்தில் அபினிச் சாகுபடியை 95 சதவீதம் ஒழித்துவிட்டார்கள். செயற்கைக்கோள், ட்ரோன் எல்லாம் வைத்திருக்கும் நம்மால் ஆந்திரா - ஒடிசா எல்லை மலைகளில் விளையும் கஞ்சாவை ஏன் ஒழிக்க முடியவில்லை? மனசு இல்லையா, மாமூலா?
- ஒரு வாசகர், தேனி

பதில்: மாமூலே கிடையாது என்று நான் எழுதினால் தேனிக்காரர் நீங்களே சிரிப்பீர்கள். அது கிடக்கட்டும், அந்த 95 சதவீதத்துக்கு வாருங்கள்.

எண் சரிதான். ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் எடுத்த கணக்கு. 2022-ல் 2,33,000 ஹெக்டேர், 2023-ல் 10,800. எடுத்த விதத்தையும் குறை சொல்ல மாட்டேன். அபினிச் செடி (குருமாவுக்கு நாம் அரைக்கும் கசகசா இதன் விதைதான்) இளம்பயிராக இருக்கும்போது, மேலிருந்து பார்த்தால் கோதுமை மாதிரியே பச்சையாகத் தெரியும். அதனால் பூக்கிற சமயத்தில் ஒரு படம், காயைக் கீறிப் பால் எடுத்த பிறகு ஒரு படம் என எடுத்து ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வருகிறார்கள்.

நீங்கள் படித்தது அந்த அறிக்கையின் முதல் வரி. கொஞ்சம் கீழே போயிருக்கலாம். அபினி விற்று ஆப்கான் விவசாயிகள் பார்த்த வருமானம் 136 கோடி டாலரிலிருந்து 11 கோடி டாலராக விழுந்தது என்று அதே அறிக்கைதான் சொல்கிறது. அபினி போட்டால் ஹெக்டேருக்குச் சுமார் 10,000 டாலர், கோதுமை போட்டால் சுமார் 770. இதில் கடன் வேறு. அறுவடைக்கு முன்பே வியாபாரி பணம் கொடுத்துவிடுவார், விளைந்ததும் அபினியாகத் திருப்ப வேண்டும். 'சலாம்' என்று அங்கே பேர். நம்மூரில் மாந்தோப்புக்கு அட்வான்ஸ் கொடுத்து வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தடை வந்ததும் செடி போனது, வாங்கிய பணம் கடனாக நின்றது. அந்த நிலுவை எந்தச் செயற்கைக்கோள் படத்தில் விழும்?

லாபம் பார்த்தவர்களும் உண்டு. தடைக்கு முன்பு கிலோ 100 டாலர் அளவில் இருந்த அபினி, 2024 முதல் பாதியில் 730 டாலர். பழைய சரக்கைப் பதுக்கி வைத்திருந்த பெரிய நிலக்காரருக்கும் வியாபாரிக்கும் அந்தத் தடை ஒரு லாட்டரி. கால் ஏக்கர்க்காரன் வீட்டில் என்ன சரக்கு இருக்கப்போகிறது? 2024 மே மாதம் ஆப்கானிஸ்தானின் படக்ஷான் மாகாணத்தில் செடியை அழிக்க வந்தவர்களை ஊர் மக்கள் மறித்தார்கள். உயிர் போனது. உங்கள் 'ஒரே வருட' வித்தைக்குப் பின்னால் இருப்பது துப்பாக்கி. அது வேண்டுமா?

தடை இன்னும் நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: 2025-ல் 10,200 ஹெக்டேர்தான். ஆனால் 2000-ல் அன்றைய தாலிபான் தலைவர் முல்லா ஒமர் தடை போட்டபோதும் 82,000 ஹெக்டேர் அடுத்த ஆண்டே ஏறத்தாழ 8,000 ஆனது. ஆட்சி கவிழ்ந்தது. 2002-ல் 74,000. இந்தத் தடவை ஆப்கானிஸ்தான் சுருங்கியதும் மியான்மர் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

ஹெக்டேரை மட்டும் பிடித்துத் தொங்கினால் வரும் வினை இன்னொன்று. கொலம்பியாவில் 2023-ல் கோக்கா பரப்பு கூடியது 10 சதவீதம். அதிலிருந்து எடுக்கக்கூடிய கொக்கெய்னோ 53 சதவீதம் கூடியது. நிலத்தை மட்டும் அளந்தவருக்கு இது தெரிந்திருக்காது.

இனி உங்கள் ஆந்திரா. ஒழிக்கவே இல்லை என்பது தவறு. 2021-22-ல் விசாகப்பட்டினம் மலைப்பகுதியில் 7,000 ஏக்கருக்கு மேல் வெட்டினார்கள். 2022 பிப்ரவரியில் ஏறக்குறைய 2 லட்சம் கிலோ கஞ்சாவைக் குவித்துக் கேமரா முன்னால் எரித்தார்கள். ஆந்திரப் பக்கம் வெட்டினால் ஒடிசாவின் மல்கான்கிரிப் பக்கம் முளைக்கிறது. மேலதிகாரி எத்தனை ஏக்கர் என்று மட்டும் கேட்டால், கீழே இருப்பவர் ஏக்கர் மட்டும்தான் காட்டுவார். விதை கொடுத்தவன் யார், முன்பணம் யாருடையது, அந்தப் பழங்குடிக் குடும்பம் அடுத்த வருஷம் எதைப் பயிரிட்டது, அதை வாங்க ஆள் வந்ததா... இதற்கெல்லாம் அந்தப் படிவத்தில் கட்டமே இருக்காது.

செய்து காட்டிய நாடு வேண்டுமென்றால் தாய்லாந்தைப் பாருங்கள். வடக்கு மலைகளில் 1969-ல் அரசரின் திட்டம் தொடங்கியது. மாற்றுப் பயிர், சாலை, சந்தை என்று ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. அபினிச் செடியை வெட்ட ஆரம்பித்தது 1984-ல். நடுவே பதினைந்து வருஷம். நம்மூரில் ஒரு எஸ்.பி. பதினைந்து மாதம் ஒரே மாவட்டத்தில் இருந்தால் ஆச்சரியம்.