கணினிக் கேள்வி பதில்: பழைய கையேடு முதலில் வந்தால்

கேள்வி: செம்பனைக் குலை எடைக் கணக்கைப் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 14-ஆம் பதிப்பில் வைத்திருக்கிறோம். கணினி பழுதானதால், எடுத்து வைத்த நகலிலிருந்து மீட்கக் கூகுளில் தேடினேன். முதலில் வந்த பக்கம் சொன்னபடி 'ரெக்கவரி.கான்ஃப்' கோப்பை எழுதினேன். சர்வர் தொடங்கவே மறுக்கிறது. ஏன்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: நீங்கள் படித்தது 11 அல்லது அதற்கு முந்தைய பதிப்பின் கையேடு. 2019-இல் வந்த 12-ஆம் பதிப்போடு அந்தக் கோப்பு ஒழிந்தது. அது கண்ணில் பட்டாலே சர்வர் நின்றுவிடும். கோப்பை அங்கிருந்து அகற்றி, அதிலிருந்த 'ரெஸ்டோர் கமாண்ட்' (சேமித்து வைத்த பதிவுகளை எடுத்துவரும் கட்டளை) வரியை 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்.கான்ஃப்' என்ற அமைப்புக் கோப்பில் எழுதுங்கள். தரவுக் கோப்புறையில் 'ரெக்கவரி.சிக்னல்' என்ற பெயரில் வெற்றுக் கோப்பு ஒன்றும் வேண்டும். இதை மறந்து சர்வரைத் தொடங்கினால் முழுதாக மீட்காமலேயே அது எழுந்துவிடலாம். அதுதான் பெரிய ஆபத்து.

பழைய பக்கம் முந்திக்கொண்டு வருவதற்குக் காரணம், பல ஆண்டுகளாகப் பலரும் அதற்கு இணைப்புக் கொடுத்து வைத்திருப்பதே. தேடுபொறிக்கு அது செல்வாக்கு. உங்கள் கணினியில் ஓடுவது எந்தப் பதிப்பு என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே எதையும் படிக்குமுன் முகவரிப் பட்டையைப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் கையேட்டில் 'டாக்ஸ்' என்பதை அடுத்து 9.6 என்றோ 10 என்றோ இருக்கும். அதை அழித்து 14 என்று போட்டால் பெரும்பாலும் அதே தலைப்பு உங்கள் பதிப்புக்குத் திறக்கும். 'கரண்ட்' என்று போட்டால் ஆகப் புதியது வரும், ஆனால் உங்களுக்கு வேண்டியது 14. புதியதெல்லாம் பொருத்தமானது என்று எண்ணிவிடாதீர்கள். பக்கம் கிடைக்கவில்லையா? பெயர் மாறியிருக்கும் அல்லது அந்த வசதியே போயிருக்கும். பழையதற்குப் பின் உங்களுடையது வரை வந்த பதிப்புகளின் வெளியீட்டுக் குறிப்புகளில் தேடுங்கள்.

பைத்தான் நிரல்மொழிக் கையேட்டின் முகவரியில் 2 இருந்தால் உடனே மூடிவிடலாம், அந்தப் பதிப்பின் ஆதரவு 2020 ஜனவரி 1-இல் முடிந்தது. பல மென்பொருள்களின் கையேடுகளை வைத்திருக்கும் 'ரீட் த டாக்ஸ்' தளத்தில் 'லேட்டஸ்ட்' என்பது பெரும்பாலும் இன்னும் வெளிவராத, வளர்ச்சியில் இருக்கும் பதிப்பு. வெளியானது வேண்டுமென்றால் 'ஸ்டேபிள்'. கூகுளின் 'கடந்த ஓராண்டு' வடிகட்டியை நம்ப வேண்டாம். பழைய கையேட்டையே மறுபடி ஏற்றினாலும் தேதி புதிதாகத் தெரியலாம்.

கேள்வி: சம்பளக் கணக்கு மென்பொருள் ஒன்று எழுதி, கையேட்டை இணையத்தில் வைத்திருக்கிறேன். இப்போது ஓடுவது 5. தேடினால் 2-ஆம் பதிப்பின் பக்கம்தான் வருகிறது. எதைப் படிக்கக் கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'ரோபோட்ஸ்' கோப்பில் அதைத் தடுத்துவிடலாமா?
– வாசகி, பகாவ்

பதில்: வேண்டாம். தடுத்தால் தேடுபொறி பக்கத்தைப் படிக்காது. ஆனால் வெளி இணைப்புகளை வைத்து முகவரியை மட்டும் பட்டியலில் காட்டலாம். அதோடு நீங்கள் பக்கத்தின் உள்ளே 'நோஇண்டெக்ஸ்' (பட்டியலில் சேர்க்காதே) என்று எழுதியிருந்தாலும் அது தேடுபொறியின் கண்ணில் படாது. இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டு, 'ஏன் இன்னும் வருகிறது' என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

பழைய பக்கத்தின் தலைப்பகுதியில் 'கேனோனிக்கல்' குறியீடு (முதன்மையான பக்கம் எது என்று தேடுபொறிக்குச் சொல்வது) வைத்து, 5-ஆம் பதிப்பில் அதே தலைப்புள்ள பக்கத்தைக் காட்டுங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குக் காட்டினால் பலிக்காது, தேடுபொறி பொருட்படுத்தாமல் விடலாம். 2-இல் மட்டும் இருந்து ஒழிந்த வசதிகளின் பக்கங்களுக்கு இதைப் போடாதீர்கள். இன்னும் 2-ஐ ஓட்டும் எழுத்தர் ஒருவருக்கு அது தேவைப்படும். அவற்றின் உச்சியில் 'இது பழைய பதிப்பு' என்ற பட்டையும் 5-க்கான இணைப்பும் போதும்.

மாற்றம் மறுநாளே தெரியாது. தேடுபொறி மறுபடி வந்து படிக்கச் சில வாரங்கள்கூட ஆகலாம்.