சீல் போய்க்கொண்டே இருந்தால் பெரிய சிலிண்டர் போட வேண்டுமா?

கன்வேயரில் வரும் 8 கிலோ அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் தள்ள 32 போர் (உள்விட்டம், மி.மீ.), 50 ஸ்ட்ரோக் (ராடு நகரும் தூரம், மி.மீ.) கொண்ட, காற்றழுத்தத்தில் ஓடும் குட்டையான காம்பாக்ட் சிலிண்டர் போட்டிருக்கிறாராம் ஒரு வாசகர். சிலிண்டரிலிருந்து வெளியே நீளும் தண்டான ராடின் முனையில் ஒரு எல் பிளேட், அதுதான் பெட்டியைத் தள்ளுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ராடு சீல், அதாவது ராடைச் சுற்றிக் காற்றை அடைக்கும் வளையம், போய் காற்று கசிகிறது, 40 போருக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

மாறாதீர்கள். 6 பார் காற்றில் 32 போர் சிலிண்டர் கிட்டத்தட்ட 480 நியூட்டன், அதாவது 49 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். சீல் உராய்வுக்குக் கொஞ்சம் கழித்தாலும் உங்கள் பெட்டிக்கு அது தாராளம். 40 போட்டால் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் ஒன்றரை மடங்குக்கு மேல் காற்று செலவாகும், ஆனால் பல மாடல்களில் 32-க்கும் 40-க்கும் ராடு தடிமன் ஒன்றேதான், அதனால் இதே தொல்லை அங்கேயும் தொடரும்.

சிக்கல் ராடின் மேல் விழும் பக்கவாட்டுச் சுமை. காம்பாக்ட் சிலிண்டரை இவ்வளவு குட்டையாகச் செய்வதற்காக முன்மூடியையும் பிஸ்டனையும் ஒல்லியாக்கியிருப்பார்கள், ராடைத் தாங்கும் குழாய் போன்ற புஷ்ஷும் குட்டையாகிவிடும். நீளமான ஏணியை இரண்டு கையையும் ஒட்டி வைத்துத் தூக்கிப் பாருங்கள், நுனியில் கொஞ்சம் எடை கூடினாலே மணிக்கட்டு திருகும். எல் பிளேட் ராடின் மையத்தை விட்டு விலகித் தள்ளும்போது அந்தப் புஷ்ஷுக்கு நடப்பது அதுதான். புஷ் ஒரு பக்கமாகத் தேய்கிறது, அப்புறம் சீலின் உதடும் அதே பக்கம் போகிறது.

அடுத்த முறை சீல் மாற்றும்போது ராடை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் மினுமினுப்பும் நகத்தில் தட்டும் கீறலும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். கீறல் விழுந்த ராடில் புது சீல் போடுவது வீண் செலவு, ராடையும் புஷ்ஷையும் சேர்த்து மாற்றுங்கள், அது கிடைக்காத மாடல் என்றால் சிலிண்டரையே.

சரி, நிரந்தரத் தீர்வு? பிளேட்டை இரண்டு கைடு ராடுகளில் (வழிகாட்டித் தண்டுகளில்) லீனியர் பேரிங், அதாவது நேர்கோட்டில் வழுக்கும் பேரிங், போட்டு ஓட விடுங்கள், சிலிண்டர் தள்ளுவதை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். பிளேட்டுக்கும் ராடுக்கும் நடுவில் கொஞ்சம் அசைந்து கொடுக்கும் இணைப்பான ஒரு ஃப்ளோட்டிங் ஜாயின்ட் கட்டாயம், ஏனென்றால் கைடும் சிலிண்டரும் அரை மில்லிமீட்டர் கோணலாக இருந்தாலே திரும்பவும் இறுக்கிப் பிடிக்கும். கைடு இல்லாமல் ஜாயின்ட்டை மட்டும் மாட்டினால் பிளேட் தொங்கும், அதைச் செய்யவே செய்யாதீர்கள். இடம் இருந்தால் கைடோடு சேர்ந்தே வரும் சிலிண்டரை வாங்கிவிடுங்கள், எனக்கு அதுதான் பிடிக்கும், அலைன்மென்ட் வேலை மிச்சம்.

மாட்டி முடித்ததும் காற்றை அடைத்து, லைனில் இருப்பதையும் முழுக்க வெளியேற்றிவிட்டு, பிளேட்டைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எங்காவது பிடித்தால் அங்கேயே சரிசெய்துவிட்டுத்தான் காற்றைத் திறக்க வேண்டும்.

இன்னொன்று, காம்பாக்ட் சிலிண்டரில் ஸ்ட்ரோக் முடிவின் அதிர்ச்சியைத் தாங்கப் பெரும்பாலும் ரப்பர் பம்பர் மட்டும்தான் இருக்கும். ஸ்ட்ரோக் முடிவில் 'டக்'கென்று அடித்தால், வெளியேறும் காற்றைக் கட்டுப்படுத்துகிற மாதிரி ஃப்ளோ கண்ட்ரோல் வால்வை மாட்டி வேகத்தைக் குறையுங்கள்.