'ஆட்சிமொழி' என்று ஒரே ஒரு கட்டம் போதுமா?

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளுக்காக வினாடி வினா செயலி ஒன்று செய்கிறேன். நாடு, தலைநகரம், நாணயம், ஆட்சிமொழி என்று அட்டவணையில் நான்கு கட்டம். முதல் மூன்றும் முடிந்துவிட்டன, நான்காவதில் மாட்டிக்கொண்டேன். சுவிட்சர்லாந்துக்கு ஓரிடத்தில் மூன்று மொழி போட்டிருக்கிறார்கள், இன்னோரிடத்தில் நான்கு. அமெரிக்காவுக்கு ஆட்சிமொழியே கிடையாது என்று ஒருவர் சொல்கிறார், ஆங்கிலம்தான் என்று இன்னொருவர். எதை எடுத்துக்கொள்வது?

பதில்: நீங்கள் பார்த்த விடைகள் எல்லாமே ஒருவகையில் சரி, அதுதான் சிக்கல். (தலைநகரம் முடிந்துவிட்டது என்கிறீர்களே, மூன்று தலைநகரங்கள் உள்ள தென்னாப்பிரிக்காவுக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்க ஆசை. சரி, அது வேறு கதை.) "இந்த நாட்டின் ஆட்சிமொழி எது?" என்று மொட்டையாகக் கேட்டால் பல நாடுகளுக்குப் பதிலே வராது. எந்தச் சட்டம் சொல்கிறது, எந்த எல்லைக்குள், எந்த வேலைக்கு என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் வரும்.

சுவிட்சர்லாந்தையே பாருங்கள். அந்நாட்டு அரசியலமைப்பின் 4ஆம் பிரிவு ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரொமான்ஷ் நான்கையும் தேசிய மொழிகள் என்கிறது. 70ஆம் பிரிவுக்கு வந்தால் கூட்டாட்சியின் ஆட்சிமொழிகள் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் என்று மூன்றை மட்டும் சொல்லிவிட்டு, ரொமான்ஷ் பேசுகிறவர்களோடு அரசு தொடர்புகொள்ளும்போது ரொமான்ஷும் ஆட்சிமொழி என்று ஒரு வரி சேர்க்கிறது. அதாவது அந்த மொழிக்காரர் கடிதம் போட்டால் அதே மொழியில் பதில் உண்டு, ஆனால் கூட்டாட்சியின் எல்லா ஆவணங்களும் அதில் வராது. மூன்று என்றவரும் நான்கு என்றவரும் ஆளுக்கொரு பிரிவைப் படித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் நடந்தது வேறு. அரசியலமைப்பில் ஆட்சிமொழி பற்றி ஒரு சொல் இல்லை, நாடாளுமன்றமும் அப்படிச் சட்டம் எதுவும் இயற்றவில்லை. ஆகவே "கிடையாது" என்பது நெடுங்காலம் சரியான விடையாக இருந்தது. 2025 மார்ச் 1 அன்று அதிபர் ஒரு நிர்வாக ஆணையில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக அறிவித்தார். நிர்வாக ஆணையை அடுத்து வரும் அதிபர் இன்னோர் ஆணை போட்டு நீக்கிவிடலாம், சட்டத்தை அப்படி நீக்க முடியாது. எனவே "ஆங்கிலம், 2025 நிர்வாக ஆணைப்படி" என்று ஆண்டோடு எழுதிவிடுங்கள். மாநிலங்களின் கணக்கு தனி. ஹவாயில் ஆங்கிலத்தோடு ஹவாய் மொழிக்கும் 1978 முதல் ஆட்சிமொழித் தகுதி உண்டு.

ஆஸ்திரேலியா, மெக்சிகோ, எரித்திரியா போன்ற நாடுகளில் தேசிய அளவில் சட்டப்படி ஆட்சிமொழி இல்லை. இங்கே கட்டத்தைக் காலியாக விட்டால் பிள்ளைகள் குழம்புவார்கள், ஆங்கிலம் என்றோ ஸ்பானிஷ் என்றோ போட்டுவிட்டால் பொய்யாகிவிடும். "சட்டத்தில் இல்லை, நடைமுறையில் ஆங்கிலம்" என்று எழுதுவதில் தவறே இல்லை. மெக்சிகோவில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பழங்குடி மொழிகளையும் ஸ்பானிஷையும் சேர்த்தே தேசிய மொழிகள் என்கிறது. நியூசிலாந்தில் இன்னும் வேடிக்கை: மாவோரி மொழிக்கு 1987இலும் அந்நாட்டுச் சைகை மொழிக்கு 2006இலும் சட்டம் போட்டு ஆட்சிமொழித் தகுதி கொடுத்தார்கள், பெரும்பான்மையோர் பேசும் ஆங்கிலத்துக்கு அப்போது அப்படி ஒரு சட்டமே இல்லை. கேட்காமலே கிடைக்கிற மொழிக்கு யார் மெனக்கெட்டுச் சட்டம் எழுதப்போகிறார்கள்!

அப்புறம் இந்தத் 'தேசிய மொழி' என்ற சொல். ஆட்சிமொழிக்கு ஒருபடி மேலே என்று பலர் நினைக்கிறார்கள், சில நாடுகளில் அது ஒருபடி கீழே. சிங்கப்பூரில் தேசிய மொழி மலாய், நாட்டுப்பண் மலாயில்தான். ஆட்சிமொழிகள் மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் என நான்கு. அலுவலக வேலை பெரும்பாலும் ஆங்கிலத்தில். இலங்கையில் 1978 அரசியலமைப்பு சிங்களத்தையும் தமிழையும் தேசிய மொழிகள் என்றது, ஆட்சிமொழி சிங்களம் மட்டும்தான் என்றது. 1987இல் வந்த 13ஆம் திருத்தம்தான் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. ஆக அந்த ஒன்பது ஆண்டுகள் தமிழ் அங்கே தேசிய மொழி, ஆனால் ஆட்சிமொழி அல்ல. பாகிஸ்தானில் தேசிய மொழி உருது, அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தியாவில் தேசிய மொழி என்று அரசியலமைப்பு எதையும் சொல்லவில்லை. 343ஆம் பிரிவின்படி ஒன்றியத்தின் ஆட்சிமொழி தேவநாகரியில் எழுதும் இந்தி. 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிகள் சட்டத்தால் ஆங்கிலமும் தொடர்கிறது. மாநிலங்கள் தங்கள் ஆட்சிமொழியைத் தாங்களே முடிவு செய்துகொள்ளும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இருக்கும் 22 மொழிகளையும் அப்படியே எடுத்து "இந்தியாவின் ஆட்சிமொழிகள்" என்று போடுவது நான் அடிக்கடி பார்க்கும் தப்பு. அந்த அட்டவணையில் இடம்பெறுவதற்கு வேறு பயன்கள் உண்டு, ஒன்றியத்தின் ஆட்சிமொழி ஆவது அதில் சேராது.

சொல் குழப்பத்துக்கு நம் தமிழும் ஒரு காரணம். ஒரே பொருளுக்கு இந்தியாவில் ஆட்சிமொழி, அலுவல் மொழி என்கிறோம், இலங்கையில் அரசகரும மொழி, சிங்கப்பூரில் அதிகாரத்துவ மொழி. செயலி முழுக்க ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டார மொழிக்கு ஸ்பெயின் நல்ல எடுத்துக்காட்டு. நாடு முழுக்க ஆட்சிமொழி ஸ்பானிஷ், அதாவது காஸ்திலியன். கட்டலான், பாஸ்க், காலீசியன் மூன்றும் அந்தந்தத் தன்னாட்சிப் பகுதிக்குள் அதனுடன் சேர்ந்த ஆட்சிமொழிகள். எல்லை தாண்டினால் அந்தத் தகுதி போய்விடும். ஆகவே இவற்றை நாட்டுக்கான கட்டத்தில் கலக்காமல் "எங்கே" என்று தனிக் கட்டம் போட்டு எழுதுங்கள்.

சிறுபான்மை மொழி என்றால் குறைவான பேர் பேசுவது என்றுதானே தோன்றும்? ஐரோப்பாவில் அதற்கென ஒரு சாசனமே இருக்கிறது, 1998இல் நடைமுறைக்கு வந்தது. குடியேறியவர்களின் மொழிகளையும் ஆட்சிமொழியின் கிளைவழக்குகளையும் அது கணக்கில் எடுப்பதில்லை. அதனால் ஜெர்மனியில் சில பத்தாயிரம் பேர் பேசும் சோர்பியனுக்குச் சாசனப் பாதுகாப்பு உண்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசும் துருக்கி மொழிக்கு இல்லை. எவ்வளவு காலமாக அந்த மண்ணில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள். இது நியாயமா என்றால் எனக்கும் நெருடல்தான், ஆனால் அட்டவணையில் சட்டம் சொல்வதைத்தான் எழுத முடியும். பிரான்ஸ் 1999இல் அந்தச் சாசனத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி, அது தன்னைக் கட்டுப்படுத்தும் என்று முறைப்படி ஏற்கும் ஏற்புறுதியைச் செய்யவே இல்லை.

ரூபாய் நோட்டையும் நம்பாதீர்கள். மொரிஷியஸ் நோட்டில் தமிழ் இருக்கிறது. 1998இல் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சிட்டதற்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதற்காகத் தமிழ் அங்கே ஆட்சிமொழி ஆகிவிடாது.

இனி உங்கள் அட்டவணைக்கு வருவோம். ஒரு நாட்டுக்கு ஒரு வரி என்பதை விட்டு, ஒரு மொழிக்கு ஒரு வரி என்று மாற்றுங்கள். நாடு, மொழி, சட்டம் அதை என்ன பெயரில் அழைக்கிறது, நாடு முழுக்கவா ஒரு பகுதியிலா, எந்த ஆண்டு நிலவரம், இவ்வளவு போதும். ஆண்டு கட்டாயம் வேண்டும், ஏனென்றால் இவை மாறிக்கொண்டே இருக்கின்றன. அல்ஜீரியாவில் பெர்பர் மக்களின் மொழியான தமஸிக்த் 2016இல் ஆட்சிமொழி ஆனது. தென்னாப்பிரிக்காவில் 11 என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள், 2023இல் சைகை மொழி சேர்ந்து 12 ஆகிவிட்டது. அதே 2023இல் மாலியின் புதிய அரசியலமைப்பு பிரெஞ்சை ஆட்சிமொழி நிலையிலிருந்து வெறும் பணிமொழியாக இறக்கியது. பழைய பாடநூலைப் பார்த்து நிரப்பினால் மூன்றும் தப்பாகும்.

வினாவையும் கொஞ்சம் மாற்றுங்கள். "சுவிட்சர்லாந்தின் ஆட்சிமொழி எது?" என்று கேட்காமல், "இவற்றுள் சுவிட்சர்லாந்தின் தேசிய மொழி அல்லாதது எது?" என்று கேட்டால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். வடிவமைப்பைக் கவனிப்பவரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: பொலிவியாவின் 2009 அரசியலமைப்பில் ஸ்பானிஷோடு 36 பழங்குடி மொழிகள், ஆக 37 வரி வரும்.