தண்ணீருக்குள் பிஸ்டல் சுட்டால் ஆபத்து யாருக்கு?

நிலாவெளியில் கடலட்டைக்குச் சுழியோடும் தம்பி ஒருவர் கேட்கிறார்: “தண்ணிக்குள்ள பிஸ்டல் சுடுற வீடியோ ஒன்று பார்த்தோம். சன்னம் ரெண்டு மீற்றரிலேயே விழுந்திடுது, அதால ஒரு ஆபத்தும் இல்லையென்று கூட்டாளிமார் சொல்லுறாங்கள். உண்மையா?”

சன்னத்தைப் பற்றிச் சொன்னது சரிதான். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. சன்னம் எவ்வளவு வேகமாய் வருகிறதோ அவ்வளவுக்கு அதை மறிக்கும். 2016இல் நோர்வே இயற்பியலாளர் ஆந்த்ரேயாஸ் வால், நீச்சல் தடாகத்துக்குள் ஒரு ரைபிளுக்கு நேர்முன்னே நின்று தன்னையே சுட வைத்தார். சன்னம் இரண்டு மீற்றர் அளவில் அமிழ்ந்துவிட்டது. நீருக்குள் துவக்கு வெடிப்பதும் அதிசயமில்லை. வெடிமருந்து எரிவதற்கான ஒக்சிசன் ரவைக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் கூட்டாளிமார் சன்னத்துக்கு முன்னால் நிற்பவனை மட்டுமே பார்க்கிறார்கள். சுடுபவனை யார் பார்ப்பது?

குழல் நிறையத் தண்ணீர் இருக்கும்போது சன்னம் அத்தனையையும் தள்ளிக்கொண்டுதான் வெளியேற வேண்டும். குழலுக்குள் அமுக்கம் ஏறுகிறது. முனையில் குழியுள்ள சன்னமென்றால் குழலுக்குள்ளேயே விரியலாம். பாதி தண்ணீரும் பாதி காற்றுமாக இருந்தால் இன்னும் மோசம்: வேகமெடுத்த சன்னம் நீரில் மோத, குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். கடலிலிருந்து எடுத்த கையோடு, தண்ணீரை வடிக்காமல் மேலே சுடுவதும் இதே வகை ஆபத்துத்தான்.

அடுத்தது அதிர்வு. நான் பெரிதாகப் பயப்படுவது இதற்குத்தான். காற்றில் வரும் சத்தத்தின் பெரும்பகுதி நம் உடம்பில் பட்டுத் திரும்பிவிடும். நம் தசையோ பெரும்பாலும் தண்ணீர். அதனால் நீருக்குள் வரும் அமுக்க அலை தடையில்லாமல் உடம்புக்குள் புகுந்து, காற்று இருக்கும் இடங்களில் போய்க் கிழிக்கும்: காது, சுவாசப்பை, குடல். சாதாரண 9 மில்லிமீற்றர் பிஸ்டல் ரவையில் மருந்து அரைக் கிராமுக்கும் குறைவு. என்றாலும் கை நீளத் தூரத்தில் வெடிக்கும்போது காதுக்கு அது சின்ன விசயமில்லை.

இரண்டு மீற்றர் கணக்கை எல்லா ஆயுதத்துக்கும் போடவும் கூடாது. சோவியத் கடற்படைச் சுழியோடிகளுக்கென்று செய்த எஸ்பிபி-1 பிஸ்டல் நீண்ட உருக்கு ஊசிகளைச் சுடும். 5 மீற்றர் ஆழத்தில் 17 மீற்றர் வரை ஆளைக் கொல்லும்.

சரி, உங்களுக்குப் பிஸ்டலால் ஆபத்து வரப்போவதில்லை. திருகோணமலைக் கடலில் சுழியோடிக்கு உண்மையான ஆபத்து டைனமைட். சட்டம் தடுத்தும் அந்த மீன்பிடி நிற்கவில்லை. இங்கே அரைக் கிராம் கணக்கு இல்லை. அதே அலைதான், ஆனால் சுவாசப்பையைக் கிழிக்கக்கூடிய பலத்தோடு வரும். தூரத்தில் ஒரு வெடி கேட்டாலே அடுத்ததுக்குக் காத்திருக்காமல் வேலையை விடுங்கள். மூச்சை அடக்காமல், அவசரத்தில் விருட்டென்று எழும்பாமல் மேலே வந்து வள்ளத்தில் ஏறுங்கள். வள்ளம் எட்ட நின்றால் மல்லாந்து மிதந்து, தலையையும் நெஞ்சையும் முடிந்தளவு நீருக்கு மேலே வைத்திருங்கள். மேற்பரப்பை ஒட்டி அலையின் பலம் குறைவு. பிறகு நெஞ்சு நோ, இருமலில் இரத்தம், வயிற்றுவலி, காதடைப்பு என்று எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெளியே காயம் தெரியாது, ஆகவே “தண்ணிக்குள்ள இருக்கேக்க பக்கத்தில வெடி வெடிச்சது” என்று டொக்டரிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

இன்னொன்று. 1942 ஏப்ரலில் யப்பான் விமானங்கள் குண்டு போட்ட துறைமுகம் இது, அப்புறம் எத்தனையோ வருச யுத்தம். அடியில் பழைய ரவையோ செல்லோ கண்டால் கை வைக்காதீர்கள். பித்தளைக் கோதுக்குள் மருந்து பல பத்தாண்டுகள் கெடாமல் கிடக்கும். இடத்தைக் குறித்துக்கொண்டு கடற்படைக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள்.