இங்கிலாந்தில் ஆபத்தாக வண்டி ஓட்டி உயிரைப் பறித்தவருக்குத் தண்டனை குறைவு என்றால், இறந்தவரின் குடும்பம் அப்பீல் போகலாமா?

நேரடியாக முடியாது. ஆனால் தண்டனை மிகக் குறைவு என்று அட்டர்னி ஜெனரலுக்கு (அரசின் தலைமைச் சட்ட ஆலோசகர்) எழுதலாம். குடும்பத்தார் என்றில்லை, செய்தியில் படித்த யாரும் எழுதலாம். தண்டனை அறிவித்த 28 நாளுக்குள் அவர் வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். அதனால் 27ஆம் நாள் கடிதம் போட்டுப் பெரிய பயனில்லை.

அங்கே ‘நானாக இருந்தால் கூட்டியிருப்பேன்’ என்ற கணக்கு செல்லாது. நியாயமாகக் கொடுக்கக்கூடிய அளவுக்கும் கீழே போயிருந்தால்தான் கைவைப்பார்கள்.

அப்புறம், குற்றம் நடந்த தேதியைப் பாருங்கள். 2022 ஜூன் 28க்கு முன் என்றால் உச்சத் தண்டனை 14 ஆண்டு. அதற்குப் பிறகு ஆயுள். ஆரம்பத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவும் உண்டு. கேட்க வயிறு எரியும்தான், ஆனால் சட்டப்படி அது சரி.