ஒரே மர்லின், ஏன் இத்தனை விலை? பாப் ஆர்ட் அச்சுப்படங்கள்: கேள்வி பதில்

அச்சுப்படங்களைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சோதித்துச் சொல்வது என் தொழில். பார்க்க ஒன்றுபோல இருக்கும் படங்களின் விலை ஏன் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது என்று உறுப்பினர்கள் பலர் கேட்டிருந்தார்கள். வந்த வரிசையில் பதில் தருகிறேன்.

கேள்வி: அமெரிக்க பாப் ஆர்ட் ஓவியர் ஆண்டி வார்ஹோலின் மர்லின் மன்றோ படத்தை இணையத்தில் சில நூறு டாலருக்கு விற்கிறார்கள். ஏலப் பட்டியலிலும் அதே முகம், அதே வண்ணங்கள், அதே அளவுதான். ஆனால் விலை லட்சம் டாலரைத் தாண்டுகிறது. என்ன வேறுபாடு?

பதில்: படத்தைத் திருப்பிப் பாருங்கள். விடை பின்புறத்தில் இருக்கிறது.

வார்ஹோல் 1967இல் பத்து மர்லின் படங்கள் கொண்ட தொகுப்பை நியூயார்க்கில் ‘ஃபேக்டரி அடிஷன்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்டார். ஒவ்வொன்றும் 36 அங்குலச் சதுரம், ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் 250 பிரதிகள். அவற்றோடு, ஏ முதல் இசட் வரை எழுத்திட்ட 26 ஓவியர் பிரதிகளும் (எண்ணிட்ட பிரதிகளுக்கு வெளியே ஓவியருக்கென அச்சிடுபவை) உண்டு. பின்புறத்தில் பென்சிலில் கையெழுத்து இருக்கும், சிலவற்றில் பெயரின் முதலெழுத்துகள் மட்டும் இருக்கும். பிரதியின் எண்ணை ரப்பர் முத்திரையால் பதித்திருப்பார்கள்.

1970இல் பெல்ஜியத்திலிருந்து ‘சண்டே பி. மார்னிங்’ என்ற பெயரில் இன்னொரு வரிசை வெளிவந்தது. அதே அளவு, அதே அச்சு முறை. தொடக்கத்தில் வார்ஹோலுக்கும் இதில் பங்கு இருந்தது என்றும், பிறகு உறவு முறிந்தது என்றும் சொல்லப்படுகிறது. அவர் கையெழுத்திடவில்லை. அந்த இடத்தில், ‘உங்கள் கையெழுத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்’ என்ற பொருள்பட ஓர் ஆங்கில முத்திரை இருக்கிறது. இவற்றைத் தன்னிடம் கொண்டுவந்த சிலருக்கு, ‘இது நான் செய்ததல்ல’ என்று எழுதி அதன் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் வார்ஹோல். அந்தப் பிரதிகளுக்கு இப்போது தனி மதிப்பு! கறுப்பு மை முத்திரை உள்ளவை முந்தையவை. நீல மை முத்திரை உள்ளவை பின்னால் அச்சானவை, இவற்றுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. இணையத்தில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் நீல முத்திரைப் பிரதியாக இருக்கும்.

கேள்வி: 1967 தொகுப்பையும் வார்ஹோல் தன் கையால் அச்சிடவில்லையே? பிறகு ஏன் அதற்கு மட்டும் இவ்வளவு மதிப்பு?

பதில்: மிகச் சரியான கேள்வி. அதை அச்சிட்டது நியூயார்க்கிலிருந்த ஒரு வணிக அச்சகம்தான். மர்லினின் முகமும் அவர் வரைந்ததல்ல, 1953இல் வெளிவந்த ‘நயாகரா’ திரைப்படத்தின் விளம்பரப் புகைப்படம் அது. அச்சுக்கலையில் கையுழைப்பை வைத்து மட்டும் மதிப்பிடுவதில்லை. எந்த இளஞ்சிவப்புக்குப் பக்கத்தில் எந்தப் பச்சை வர வேண்டும், உதட்டின் வண்ணம் கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கலாம், எத்தனை பிரதிகளோடு நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் ஓவியர் தீர்மானிக்கிறார். அப்படித் தீர்மானித்து, இது என் படைப்பு என்று பொறுப்பேற்று வெளியிடுகிறார். அந்தப் பொறுப்புக்குத்தான் விலை. இதை வெறும் சந்தை மயக்கம் என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பத்து மர்லின்களையும் ஒரே சுவரில் வரிசையாகப் பார்த்தால், அந்த வண்ண முடிவுகளுக்குப் பின்னால் எவ்வளவு கூர்மையான கண் இருந்தது என்பது புரியும்.

கேள்வி: 2022இல் ஒரு மர்லின் 19.5 கோடி டாலருக்குப் போனதே, அதுவும் அச்சுதானே?

பதில்: கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் நியூயார்க்கில் விற்றது 1964ஆம் ஆண்டின் கேன்வாஸ் ஓவியம். 40 அங்குலச் சதுரம். அதிலும் ஸ்கிரீன் பயன்பட்டிருப்பதால் பலரும் குழம்புகிறார்கள். ஆனால் வண்ணங்களைத் தீட்டி அதன்மேல் முகத்தைப் பதித்த தனித்த படைப்பு அது. 250 பிரதிகளில் ஒன்றான தாளோடு அதை ஒப்பிடவே கூடாது. அந்த ஏலத்தைக் காட்டி யாராவது உங்களிடம் தாள் அச்சை விற்க வந்தால் விலகிவிடுங்கள்.

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒரு வீட்டுப் பொருள் விற்பனையில் இன்னொரு பாப் ஆர்ட் ஓவியரான ராய் லிக்டன்ஸ்டைனின் ‘அழும் பெண்’ படத்தை வாங்கினேன். மெல்லிய தாள், நடுவில் மடிப்பு, கையெழுத்து இல்லை. வெறும் போஸ்டரா?

பதில்: அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். 1963இல் நியூயார்க்கின் லியோ காஸ்டெல்லி கலைக்கூடம் லிக்டன்ஸ்டைனின் கண்காட்சியை அறிவிக்க, இந்தப் படத்தை ஆப்செட் முறையில் அச்சிட்டு அஞ்சலில் அனுப்பியது. இலவசமாக வந்த அறிவிப்புத்தானே என்று பலர் தூக்கி எறிந்துவிட்டார்கள். தப்பியவற்றை இன்று அருங்காட்சியகங்கள் பாதுகாக்கின்றன. கையெழுத்து இல்லாத பிரதிக்கும் நல்ல விலை உண்டு. கையெழுத்து இருந்தால் பல மடங்கு கூடும். மடிப்பு விலையைக் குறைக்கும், ஆனால் அது அஞ்சலில் போன பிரதி என்பதற்கு அதுவே ஒரு தடயமாகவும் இருக்கலாம்.

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை வாங்கி, முகத்திலுள்ள சிவப்புப் புள்ளிகளைப் பாருங்கள். 1963ஆம் ஆண்டு அச்சில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே மையால் நிரம்பித் திடமாக இருக்கும். பிற்காலப் போஸ்டர்கள் புகைப்படத்திலிருந்து நான்கு வண்ண முறையில் எடுக்கப்பட்டவை. அந்தச் சிவப்புப் புள்ளிக்குள்ளேயே மஞ்சளும் கருஞ்சிவப்புமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள் தெரியும். அப்படித் தெரிந்தால் அது போஸ்டர்தான். திடமாக இருந்தால் நிபுணர் ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். லென்ஸ் சோதனை போஸ்டரைக் கழித்துக்கட்ட உதவும், ஆனால் அது மட்டுமே சான்று ஆகாது.

கேள்வி: 3/250 (250இல் மூன்றாம் எண்) என்ற பிரதிக்கு 240/250ஐவிட மதிப்பு அதிகமா?

பதில்: இல்லை. அச்சான வரிசையிலேயே எண் போடுவது வழக்கமும் அல்ல. தொகுப்பிலுள்ள பத்துப் படங்களிலும் ஒரே எண் இருந்தால் மட்டும் கூடுதல் விலை கிடைக்கும்.

எண்ணுக்கு இன்னொரு பயன் உண்டு. 2016 ஏப்ரலில் மிசூரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு கலை அருங்காட்சியகத்திலிருந்து வார்ஹோலின் கேம்பெல் சூப் அச்சுகள் ஏழு திருடுபோயின. அந்தத் தொகுப்பின் எண் 31. 1968ஆம் ஆண்டின் சூப் தொகுப்பில் அந்த எண்ணோடு ஒரு தாள் விற்பனைக்கு வந்தால், விவரம் தெரிந்தவர்கள் உடனே எஃப்.பி.ஐ.க்குச் சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: கையெழுத்து இருந்தால் போதும், மற்றவை முக்கியமில்லை என்கிறார் ஒரு விற்பனையாளர்.

பதில்: அவரை நம்பாதீர்கள். வார்ஹோல் போஸ்டர்களிலும் பத்திரிகை அட்டைகளிலும்கூடக் கேட்டவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதனால் போஸ்டர் எண்ணிக்கை வரையறுத்த பதிப்பாகிவிடாது. மறுபக்கம், 1964இல் ஹார்ட்ஃபோர்டு நகரின் வாட்ஸ்வொர்த் அதீனியம் அருங்காட்சியகம் வெளியிட்ட பத்து ஓவியர் தொகுப்பில் அவருடைய ‘பர்மிங்ஹாம் ரேஸ் ரயட்’ இருக்கிறது. 500 பிரதிகள், எதிலும் கையெழுத்து இல்லை. ஆனாலும் ஐயத்துக்கு இடமில்லாத படைப்பு. 500 என்ற எண்ணிக்கையும் கையெழுத்து இல்லாததும் சேர்ந்து அதன் விலையை மர்லினைவிட வெகுவாகக் குறைத்து வைத்திருக்கின்றன. பர்மிங்ஹாம் நகரில் போலீஸார் நாய்களை ஏவிக் கறுப்பின மக்களைத் தாக்கிய காட்சி அது. என் கணக்கில் அவருடைய மிக வலிமையான அச்சுகளில் ஒன்று. குறைந்த பணத்தில் உண்மையான வார்ஹோல் வேண்டும் என்பவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று: வார்ஹோல் படைப்புகளுக்குச் சான்று வழங்க 1995இல் அமைக்கப்பட்ட குழு 2012இல் கலைக்கப்பட்டுவிட்டது. அது ஏற்காத படைப்புகளின் பின்புறத்தில் ‘மறுக்கப்பட்டது’ என்று அழியாத மையில் ஆங்கில முத்திரை குத்திவிடும். இன்று அப்படிச் சான்று கேட்டுப் பெற ஓர் அமைப்பு இல்லாததால், முதலில் வாங்கிய ரசீது, கலைக்கூட லேபிள், பழைய ஏலப் பதிவு ஆகியவற்றின் மதிப்பு கூடியிருக்கிறது. சட்டத்தின் பின்னட்டையைக் கழற்றினால் லேபிளைத் தூர எறியாதீர்கள்.

கேள்வி: என் உறவினரிடம் 1970ஆம் ஆண்டின் வார்ஹோல் ‘மலர்கள்’ அச்சு இருக்கிறது. கையெழுத்து, எண் எல்லாம் சரி. ஆனால் மதிப்பீட்டாளர் மிகக் குறைவாகச் சொன்னார்.

பதில்: எந்தச் சுவரில் மாட்டியிருந்தார்கள்? வெயில் படும் சுவரென்றால் முதலில் மங்குவது சிவப்பும் இளஞ்சிவப்பும்தான். போன வண்ணத்தை மீட்க வழியில்லை. அமிலமுள்ள அட்டையால் ஏற்பட்ட பழுப்பு விளிம்பை ஓரளவு சரிசெய்யலாம். சட்டத்துக்குள் பொருந்த வேண்டும் என்று ஓரத்தை வெட்டியிருந்தாலோ, பின்புறம் பசை தடவிப் பலகையில் ஒட்டியிருந்தாலோ மதிப்பு பாதிக்குமேல் போய்விடும். ஒட்டியதால் கையெழுத்தும் எண்ணும் மறைந்துபோன தாள்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

கேள்வி: ராபர்ட் இண்டியானா என்ற ஓவியரின் ‘லவ்’ (LOVE) எழுத்துப்படம் எங்கு பார்த்தாலும் கிடைக்கிறதே?

பதில்: அந்த வடிவம் 1965இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் வந்தபோது காப்புரிமை பதிவாகவில்லை. அதன்பின் யார் வேண்டுமானாலும் அச்சிட்டார்கள். அவரே கையெழுத்திட்டு எண்ணிட்ட பதிப்புகளுக்கு மட்டும்தான் கலைச்சந்தையில் மதிப்பு.

கேள்வி: எனக்கு மறுவிற்பனை நோக்கம் இல்லை. வீட்டில் மாட்ட நீல முத்திரை மர்லினை வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்குங்கள். மையும் தாளும் தரமானவை, போஸ்டரைவிட வண்ணம் எவ்வளவோ அழுத்தமாக இருக்கும். விற்பவர் அதை சண்டே பி. மார்னிங் என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும், பின்புறத்தின் புகைப்படத்தையும் கேட்டவுடன் அனுப்ப வேண்டும். ‘வார்ஹோல் அசல், முதலீட்டுக்கு ஏற்றது’ என்று விளம்பரம் செய்பவரிடம் மட்டும் போகாதீர்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டுவதாக இருந்தால், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.